ஆகார வண்டியின் ஊளை

முதல் நாள் அது வெறும் முனகலாக இருந்தது. இரண்டாம் நாள் ஊளையாக வளர்ந்தது. மூன்றாம் நாள் காலை, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில், வேனின் பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து யாரையோ கட்டிப்போட்டு அடிப்பதுபோல் கேட்க ஆரம்பித்தது.

ஜீவராஜ் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். சத்தம் கொஞ்சம் இறங்கியது. மிதித்தான். மறுபடி ஏறிக்கொண்டது.

"என்னங்க, யாரோ வடை சுடறாப்பல வாசனை வருது?" என்றாள் பின்சீட்டில் இருந்த அவன் மனைவி குணமதி.

"இந்நேரத்துக்கு ஹைவேயில யாரு வடை சுடப்போறா? சத்தத்தைக் கேளுடி. வாசனையை அப்புறம் பாக்கலாம்."

முன்சீட்டில் ஜீவராஜின் அண்ணன் குணபத்திரன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஜபமாலை. கண் ரோட்டின் மேல்.

வேனில் இருந்தது சாதாரணச் சாமான் இல்லை. ஒரு மனிதரின் ஒருவேளைச் சாப்பாடு.

சுவாமிகளுக்கு எழுபத்து நாலு வயது. சமணத் திகம்பர முனிவர். எந்த வண்டியிலும் ஏற மாட்டார். காஞ்சிபுரம் நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, காலையில், நின்றபடி, இரண்டு கைகளையும் குவித்து அதில் வாங்கிச் சாப்பிடுவார். தண்ணீரும் அப்போது குடிப்பதோடு சரி. அந்த ஆகாரத்தை அன்றன்றைக்கு அந்தந்த ஊரில்தான் சமைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை இறைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிச் சமைக்க வேண்டும். அதற்கான பாத்திரம், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் வேனில் முன்னால் போக வேண்டும். பத்து நாளைக்கு அந்தப் பொறுப்பு செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை மண்டியும், அந்தக் கடலையை ஆட்டும் எண்ணெய் மில்லும் வைத்திருந்த இந்த அண்ணன் தம்பி குடும்பத்துக்குக் கிடைத்திருந்தது.

கிடைத்து என்ன? முதல் நாள், விழுப்புரத்தில், இரண்டாவது கவளத்தில் ஒரு முடி வந்துவிட்டது. சுவாமிகள் கையைப் பிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதோடு அன்றைக்கு முடிந்தது. இரண்டாம் நாள், விக்கிரவாண்டியில், தண்ணீர் மட்டும் வாங்கினார். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அழுகுரல் காதில் விழுந்தால் சாப்பிடக் கூடாது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு மூன்றாம் நாள். காலை ஆறே காலுக்கு விக்கிரவாண்டியிலிருந்து நடக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த தங்கல் கூட்டேரிப்பட்டு. அங்கே தெரிந்தவர் நிலத்தில் நல்ல கிணறு இருக்கிறது. ஒன்பதரை மணிக்கெல்லாம் சமையல் ஆகிவிட வேண்டும்; பத்து மணிக்கு அவர் ஆகாரத்துக்குக் கிளம்பிவிடுவார்.

"அந்தப் பாண்டுரங்கன் கிராஸை மாத்திட்டேன், சரியாப் போச்சுன்னாரே" என்றாள் குணமதி.

ஜீவராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மத்தியானம் வேனை விழுப்புரத்துக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய், பாண்டுரங்கன் பட்டறையில் மூன்று மணி நேரம் நின்றிருந்தான். பாண்டுரங்கன் நல்ல மெக்கானிக்தான். கேள்வியெல்லாம் டாக்டர் மாதிரி கேட்டார்.

"சத்தம் மிதிக்கறப்ப வருதா, உடறப்ப வருதா?"

"ரெண்டுக்கும் வருதுங்க. மிதிச்சா ஜாஸ்தி."

"வளைவுல மாறுதா?"

"இல்ல."

"அப்ப வீல் பேரிங் இல்ல. கியர் மாத்தறப்ப பின்னாடி டக்குனு ஒரு அடி?"

"லேசா."

"காத்தால கிளப்புன உடனே வருதா?"

"அஞ்சாறு கிலோமீட்டர் ஓடுனப்புறம்தாங்க."

பாண்டுரங்கன் வேனுக்குள் ஏறி, பின்பக்கத் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டு, ஜீவராஜைப் புறவழிச்சாலை வரை ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஆக்ஸில் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஆக்ஸில் நடுவிலிருக்கும் பெரிய உருண்டையின் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆயில் கழுத்து வரைக்கும் நிக்குது. புதுசு போல, தங்கமாட்டம் இருக்குது. யாரு ஊத்துனது?"

"அண்ணன் சர்வீஸ் பண்ணி வச்சாரு."

"நல்லா பண்ணியிருக்காரு. அப்ப இங்க ஒண்ணும் இல்ல. முன்னாடி ஷாஃப்ட்டைச் சேக்கற கிராஸ் தேஞ்சிருக்கும். மாத்திடுவோம்."

பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய் வாசனை. பாண்டுரங்கன் விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

கிராஸ் மாற்றி முடிப்பதற்குள் வண்டி நன்றாக ஆறிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். பூனைக்குட்டி மாதிரி போயிற்று. விக்கிரவாண்டிக்குத் திரும்பும் வழியில் பாதித் தூரத்தில் ஊளை மறுபடி வந்தது. அதற்குள் பட்டறை மூடியிருந்தது.

இப்போது பேரணி ஊரைத் தாண்டியதும் பின்னால் 'டமார்' என்று ஒரு வெடி. வேன் குதித்தது. அதற்கப்புறம் எஞ்சின் மட்டும் கத்தியது. சக்கரம் நகரவில்லை. ஜீவராஜ் கியரை மாற்றினான், கிளட்சை விட்டான், மறுபடி மாற்றினான். வேன் இருந்த வேகத்தில் உருண்டு, ஓரத்துப் புளியமரத்தின் கீழே போய் நின்றுகொண்டது.

மணி ஏழு ஐந்து.

சென்னைக்குப் போகிற பஸ்கள் ஒவ்வொன்றும் வேனை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போயின.

"சன்மதிக்குப் போன் போடு" என்றார் குணபத்திரன். சன்மதி திண்டிவனத்தில் இருக்கும் சொந்தக்காரர். கார் வைத்திருக்கிறார்.

ஜீவராஜ் போட்டான். காரோடு முந்தாநாளே காஞ்சிபுரம் போய்விட்டாராம். சுவாமிகள் வருகைக்குப் பந்தல் ஏற்பாடாம். "நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான்பா வந்தேன்" என்றார்.

பாண்டுரங்கனுக்குப் போட்டான். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். ஆனால் திண்டிவனத்தில் ஒரு நம்பர் கொடுத்தார். "கமாலுதீன்னு பேரு. பின் ஆக்ஸில் வேலையில கில்லாடி. என் பேரைச் சொல்லு."

கமாலுதீன் பைக்கில் வருகிறேன் என்றார். முக்கால் மணி நேரம் ஆகும்.

"அதுக்குள்ள சாமானை வேற வண்டியில ஏத்திடலாண்ணா" என்றான் ஜீவராஜ்.

ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினான். முதலில் வந்த குட்டி யானை லோடு வண்டியில் பிராய்லர் கோழிக் கூண்டு. இரண்டாவது வண்டியில் ஐஸ் பெட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட மீன். மூன்றாவது முட்டை. நான்காவது நிற்கவே இல்லை. ஐந்தாவது ஒரு குட்டி யானை, காலியாக வந்து நின்றது. ஓட்டுகிற பையன் காதில் மஞ்சள் பூ வைத்திருந்தான்.

"கூட்டேரிப்பட்டு தானே? ஏத்துங்கண்ணே. ஜல்தியா. எனக்கு ஒம்போது மணிக்கு மேல்மருவத்தூர்ல லோடு இருக்குது."

குணபத்திரன் இறங்கிப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தார். மூலையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஏத்துவே தம்பி இதுல?"

"எல்லாந்தான் ஏத்துவேன். நேத்து கோழி. கழுவிட்டேங்க. நல்லா பீச்சி அடிச்சு."

குணபத்திரன் கதவைச் சாத்தினார். "வேணாம்."

"அண்ணா!" ஜீவராஜ் குறுக்கே வந்து நின்றான். "மூணாம் நாளு. சாக்கு விரிச்சு, அதும்மேல பலகை போட்டு வச்சிக்கலாம். அங்க போய்க் கிணத்துத் தண்ணியில கழுவிக்கலாம்."

"கோழி ரத்தம் சிந்துன வண்டியிலயா சுவாமிகளுக்குப் பாத்திரம் போவும்? நீ சாப்பிடுவியா?"

"நான் சாப்பிடறதைப் பத்தி இப்ப யாருண்ணா கேட்டா?"

"பேஜாரு புடிச்ச பார்ட்டியா இருக்குதே" என்று பையன் வண்டியைக் கிளப்பினான். பூவும் அவனும் திண்டிவனம் பக்கம் போய் மறைந்தார்கள்.

குணமதிக்கு ஒரு யோசனை. "இங்கியே அடுப்பு மூட்டிடலாமே. அதோ, கொல்லையில மோட்டார் கொட்டாய் தெரியுது. சுவாமிகள் இந்த வழியாத்தானே வருவாங்க?"

ஓடினார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி என்று பெயர் சொன்னாள்.

"கெணறா? மூடி ஏழு வருசம் ஆச்சேம்மா. போர் போட்டுட்டோம். சுத்துப்பட்டு எல்லாம் போருதான். ஏன், என்னா விசயம்?"

குணமதி சொன்னாள். அம்சவள்ளி சேலை முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாளா சாப்பிடலியா? அந்த வயசுலயா? ஐயோ, எங்கிட்ட கேப்பைக் கூழு இருக்குதும்மா. மோரு ஊத்தி, வெங்காயம் வெட்டிக் குடுக்கறேன். இப்பவே."

குணமதிக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயமும் ஆகாது, ராத்திரி கரைத்துப் புளித்த கூழும் ஆகாது, போர்த் தண்ணீரும் ஆகாது. இதையெல்லாம் அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? "டிராக்டர் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எம் மவன் கரும்பு லோடு ஏத்திக்கினு முண்டியம்பாக்கம் போயிருக்கான். ஒம்போதரைக்கு வந்துடுவான். வந்தா இழுத்துக் குடுக்கச் சொல்றேன்."

ஒன்பதரை. அதுவரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கமாலுதீன் எட்டேகாலுக்கு வந்தார். அறுபதைத் தொட்ட ஆள். இறங்கியதும் இறங்காததுமாக மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணே, வண்டிக்குள்ள வடை சுட்டீங்களா?"

"இல்லீங்க, அடுப்பே மூட்டலை."

"அப்புறம் என்னா இது?" அவர் மூக்கு போன வழியே போனார். பின்சக்கரத்தருகில் குனிந்தார். ஆக்ஸில் உருண்டையின் மேல் கையை வைத்து, சட்டென்று எடுத்தார். வேன் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அது சூடாகவே இருந்தது. சாக்கை விரித்து அடியில் புகுந்தார். அடிப்பிளக்கைக் கழற்றி, ஒரு பழைய டப்பாவைப் பிடித்தார்.

ஊற்றியது.

ஜீவராஜ் குனிந்து பார்த்தான். கருப்பும் தங்கமுமாகக் கலந்த எண்ணெய். அதில் மினுமினுவென்று இரும்புத் தூள். கூடவே பல்சக்கரத்தின் உடைந்த பல் ஒன்று 'டிங்' என்று டப்பாவில் விழுந்தது. வாசனை நேரே முகத்தில் அடித்தது. அந்த வாசனை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வீட்டில், மில்லில், சட்டையில், தலையணையில், எல்லாவற்றிலும் அந்த வாசனைதான்.

"மல்லாட்டை எண்ணெய்" என்றான்.

"அதேதான்" என்றார் கமாலுதீன், அடியிலிருந்து. "முப்பத்தஞ்சு வருசமா இந்த வேலை பாக்கறேன். மண்ணெண்ணெய் பாத்திருக்கேன், தண்ணி பாத்திருக்கேன். தாளிக்கற எண்ணெயை இங்க ஊத்துன மகராசனை இப்பத்தான் பாக்கறேன். யாருங்க அது?"

ஜீவராஜ் மெதுவாகத் திரும்பினான். குணபத்திரன் ஜபமாலையை உருட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அண்ணா?"

"கிரீஸ்ல, ஆயில்ல எல்லாம் மாட்டுக் கொழுப்பு சேக்கறாங்கன்னு ஒரு வீடியோ வந்துதுடா." அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "சுவாமிகளுக்குப் பாத்திரம் போற வண்டி. சீட்டுல தோலு இருந்துது, அதை மாத்துனேன். நீ பாத்தியே. அதோட, அடியில இருந்ததையும் எடுக்கச் சொல்லிட்டேன். நம்ம மில்லு எண்ணெய்தான். முதல் பிழிசல். மூணு தடவை வடிகட்டி ஊத்தச் சொன்னேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே? பாண்டுரங்கன்கிட்டயாவது? அவரு விரலை உட்டுப் பாத்துட்டு, அண்ணன் நல்லா பண்ணியிருக்காருன்னு சொன்னாரு!"

"சத்தம் இதனால வருதுன்னு எனக்கெங்க தெரியும்? எண்ணெய் எண்ணெய்தானேன்னு நெனச்சேன்."

கமாலுதீன் வெளியே வந்து உட்கார்ந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். குணபத்திரன் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி பேசினார்.

"பெரியவரே, கறி மீனு தொடாத ஆளு நீங்க. ஒங்க சந்தேகம் ஒங்களுக்கு. ஆனா இந்த இடத்துக்கு ஊத்தற கியர் ஆயிலு பூமிக்கடியிலேருந்து எடுக்கறது. டப்பாவைக் காட்டிக் கடையில கேட்டாலே சொல்லுவான். நம்ம எண்ணெய் வடைக்குத் தாங்கும். உள்ள ரெண்டு பல்சக்கரம் ஒண்ணு மேல ஒண்ணு நசுக்கிக்கினு சுத்துது, அதுக்குத் தாங்காது. சூடு ஏறுனா தண்ணியாப் பூடும். இரும்போட இரும்பு ஒரசும். அதான் அந்த ஊளை."

"இப்ப ஓடுமா?" என்றான் ஜீவராஜ்.

"கிரவுன், பினியன்னு அந்தப் பல்சக்கரம் ரெண்டும் காலி. புதுசு போடணும். சாமான் தேடவே நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். இப்ப ஷாஃப்ட்டைக் கழட்டிடறேன். இழுத்துக்கினு போலாம்."

அப்போதுதான் குணமதி, "வர்றாங்க" என்றாள்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ரோட்டோரமாகச் சுவாமிகள் நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் மயிற்பீலி, கமண்டலம். பின்னால் குணபத்திரனின் மகன் நிதிஷும் இன்னும் இரண்டு பேரும். லாரிகள் அடித்துவிட்டுப் போகிற காற்றில் அந்த ஒல்லியான உடம்பு சாய்ந்துவிடுமோ என்று இருந்தது. விலா எலும்புகளை இங்கிருந்தே எண்ணலாம். பார்வை முன்னால் நாலு முழத் தரையைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

எல்லோரும் ரோட்டோரத்தில் விழுந்து வணங்கினார்கள். கமாலுதீன் டப்பாவைக் காலால் வேனுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

ஆகாரம் இன்னும் ஆகவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சுவாமிகளிடம் சொல்ல முடியாது. அவருக்கென்று சமைக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் அந்த ஆகாரத்தை அவர் தொடக் கூடாது. வண்டி கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அவர் கேட்கவும் மாட்டார். பீலியை லேசாக உயர்த்தி ஆசி கொடுத்துவிட்டு நடந்தார். அவருடைய சாப்பாடு ஏற்றிய வேனை அவர் நடந்தே தாண்டிப் போனார்.

நிதிஷ் மட்டும் திரும்பிப் பார்த்து, கையை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டான். ஜீவராஜும் கையை விரித்தான்.

டிராக்டர் ஒன்பதரைக்கு வரவில்லை. ஆலை வாசலில் வரிசையாம். ஒன்பதே முக்காலுக்கு வந்தது. கயிறு கட்டி, இழுத்து, வழியில் ஒரு தடவை கயிறு அறுந்து, கூட்டேரிப்பட்டில் அந்த நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே இருபது.

நிதிஷ் வரப்பில் நின்றுகொண்டிருந்தான்.

"சுத்தி வந்துட்டாங்க சித்தப்பா" என்றான். "பத்து மணிக்கு. தோள்மேல கைய வச்சுக்கினு, அந்தத் தெருவு முழுக்க ஒரு சுத்து. எங்கியும் யாரும் நிக்கல. திரும்பிட்டாங்க."

தோள்மேல் கை வைத்து வந்தால் ஆகாரம் தேடுகிறார் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான். வாசலில் நின்று அழைக்க ஆள் இல்லையென்றால் அன்றைக்கு ஆகாரம் இல்லை. தண்ணீரும் இல்லை.

குணமதி பாத்திரக் கூடையை இறக்கப் போனவள், அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது. நல்ல கிணறு. தண்ணீர் மேலேயே நின்றது. உருளையும் கயிறும் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தன.

தென்னந்தோப்புக் கொட்டகையில், பலகைமேல், சுவாமிகள் தியானத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலில் மட்டும் இரண்டு இடத்தில் வெடிப்பு, புழுதி அப்பிக்கொண்டு. இன்று சாயங்காலம் திண்டிவனம் வரை இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பார். நாளை காலை அதற்கப்பால், ஒலக்கூர் பக்கம். கிணறு பார்த்து வைத்திருக்கிறார்கள். அடுப்பும் பாத்திரமும்தான் அங்கே போக வேண்டும். வேனுக்குச் சாமான் நாளைச் சாயங்காலம்.

குணபத்திரன் கொட்டகைப் பக்கம் போகவே இல்லை. வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஜபமாலை சட்டைப் பையில் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து ஜீவராஜைக் கூப்பிட்டார்.

"டேய்."

"என்னண்ணா?"

"அந்தப் பையன். காதுல பூ வச்சிருந்தானே. குட்டி யானை."

"ஆமா."

"கழுவிட்டேன்னு சொன்னான் இல்ல?"

"சொன்னான்."

குணபத்திரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காத்தால அவனை வரச்சொல்லு. சாக்கு விரிச்சு, பலகை போட்டு வச்சிக்கலாம். அவன் நம்பர் இருக்குதா?"

ஜீவராஜ் அண்ணனைப் பார்த்தான். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"நீ வேணாம்னதும் அவன் போயிட்டானேண்ணா. நம்பர் வாங்கலை."

வேனுக்கடியில் இன்னும் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ஜீவராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு ஹைவேக்கு நடந்தான். திண்டிவனம் பக்கமிருந்து வருகிற குட்டி யானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஓட்டுகிறவன் காதில் மஞ்சள் பூ இருக்கிறதா என்று பார்த்தான். மத்தியானத்துக்கு மேல் அதைக்கூடப் பார்க்கவில்லை. காலியாக வந்த எல்லா வண்டிக்கும் கையைக் காட்டினான்.